மதுரைத் திட்டமும் குறைந்த செலவுக் கருவிகளும்

மதுரைத் திட்டம் என்பது தமிழ் இலக்கியங்களை மின்பதிப்புகளாக்கி இணையத்தில் இலவசமாக வழங்கும் தன்னார்வ முயற்சியாகும். 1998 ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்டது. சங்கம் வளர்த்த மதுரையின் பெயரைத் தாங்கினாலும் இதன் அலுவலகம் மதுரையில் இல்லை. எந்த ஊரிலும் இல்லை. ஒருங்கிணைப்பாளர் கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலும், துணை ஒருங்கிணைப்பாளர் குமார் மல்லிகார்ஜுனன் அமெரிக்காவிலும் வாழ்ந்தனர். தட்டச்சு செய்தவர்களும் மெய்ப்புப் பார்த்தவர்களும் பல நாடுகளில் இருந்தனர்.

வேலை நடந்த முறை

ஒருவர் நூலைத் தட்டச்சு செய்வார். மற்றொருவர் அச்சுப்படியுடன் ஒப்பிட்டுத் திருத்துவார். கோப்புகள் மின்னஞ்சலில் சென்று வந்தன. வீட்டுக் கணினி, இணைய இணைப்பு, இலவச எழுத்துரு ஆகியவையே முதலீடு. பிற்காலத்தில் வருடிய பக்கங்களைப் பலருக்குப் பகிர்ந்தளித்து மெய்ப்புப் பார்க்கும் முறையும் வந்தது. ஒரு முழு நூலை ஏற்க இயலாதவரும் சில பக்கங்களை ஏற்க முடிந்தது. உழைத்தவர் பெயர்கள் ஒவ்வொரு மின்பதிப்பின் தொடக்கத்திலும் நன்றியுடன் குறிக்கப்படுகின்றன.

எழுத்துருச் சிக்கல்

செலவில்லாக் கருவிக்கும் ஒரு விலை உண்டு. முதல் மின்பதிப்புகள் மயிலை, இணைமதி எழுத்துருக்களில் அமைந்தன. அக்காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவும் தமிழ் எழுத்துகளுக்குத் தனித்தனி எண்களை ஒதுக்கியது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திருக்குறளும் பொருளற்ற குறிகளாகவே தெரியும். எழுத்துரு வழக்கொழிந்தால் பல மாத உழைப்பும் வீணாகும் நிலை இருந்தது.

இதற்குத் தீர்வாக, இணையத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து உருவாக்கிய திஸ்கி குறியாக்கத்தை 1999 முதல் திட்டம் பயன்படுத்தியது. அதே ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என வேறு குறியாக்கங்களும் வந்தன. உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான ஒருங்குறிக்குத் திட்டம் 2004 முதல் மாறியது. பழைய கோப்புகளும் படிப்படியாக மாற்றப்பட்டன. ஒரே எண்முறையில் சீராக எழுதப்பட்டிருந்ததால் நிரல் கொண்டு மாற்ற முடிந்தது. மறுபடி தட்டச்சு செய்யத் தேவை எழவில்லை.

மாணவர்களுக்கான பாடம்

கூட்டாகக் கையெழுத்து இதழோ ஊர் வரலாறோ உருவாக்கும் மாணவர்கள் இன்று இலவசக் கருவிகள் பலவற்றைக் காணலாம். விலையை மட்டும் பார்த்தல் போதாது. எழுதியதை ஒருங்குறியில் முழுமையாக வெளியே எடுக்க முடியுமா, வேறு மென்பொருளில் திறக்குமா, யார் எதைத் திருத்தினார் என்பது தெரியுமா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். மயிலை எழுத்துரு இன்று பெரும்பாலும் புழக்கத்தில் இல்லை. அதில் முதலில் ஏறிய நூல்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.