தெருவுக்கு வந்த டெக்கு

படத்தை வாடகைக்கு எடுத்து வீட்டில் பார்க்கும் பழக்கம் வடசென்னைக்குள் தபாலில் வரவில்லை. மீன்பாடி வண்டியில் வந்தது. 1980களின் நடுவில் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கங்களில் சாயங்காலம் ஆனால் அப்படியொரு வண்டி ஏதாவது ஒரு தெருவுக்குள் நுழையும். மேலே கனத்த கலர் டிவி, பழைய போர்வையில் சுற்றிய வீடியோ டெக், துணிப்பையில் மூன்று கேசட். பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள். "இன்னிக்கு நம்ம தெருவுல டெக்கு" என்ற சேதி வண்டிக்கு முன்பே தெருக்கோடிக்குப் போய்விடும்.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15ல் தொடங்கியது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்தது. சொந்தமாகக் கலர் டிவி வாங்குவது அப்போது பல மாதச் சம்பளத்தைக் கேட்கும் காரியம். டெக் அதைவிட எட்டாத பொருள். ஆனால் கடைகளுக்கு அது கிடைக்க வழி இருந்தது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் பிழைக்க 1969ல் உருவான பர்மா பஜார், துறைமுகத்தை ஒட்டி, ராயபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. வெளிநாட்டு எலெக்ட்ரானிக்ஸ் சாமான் என்றால் ஊரே அங்கேதான் போகும். அகாய், நேஷனல், சோனி என்று பெயர் பொறித்த டெக்குகள் அங்கிருந்து வீடியோ கடைகளுக்கும், அந்தக் கடைகளிலிருந்து ஓரிரவு வாடகைக்குத் தெருக்களுக்கும் போயின.

வடசென்னையில் சினிமா கொட்டகைக்குப் பஞ்சமில்லை. ராயபுரத்துக்காரர்களுக்குப் பிரைட்டன், தண்டையார்பேட்டைக்கு அகஸ்தியா, மகாராணி எனப் பெயர் பெற்ற அரங்குகள் நடக்கும் தூரத்தில் இருந்தன. பிறகு எதற்கு டெக்? பதிலின் ஒரு பாதி, ஆலைகளின் நேரத்தில் இருக்கிறது. எண்ணூரில் அசோக் லேலண்ட், அனல்மின் நிலையம். திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., விம்கோ தீப்பெட்டி ஆலை. மணலியில் சுத்திகரிப்பு ஆலை. இந்த வட்டாரத்தின் வாழ்க்கை மூன்று ஷிப்டில் ஓடியது. இரண்டாம் ஷிப்ட் முடித்து வருகிறவர் வீடு சேரும்போது தியேட்டரில் இரண்டாம் ஆட்டம் பாதியில் இருக்கும். காசிமேட்டில் படகேறுகிறவருக்கோ பொழுது வேறு கணக்கில் விடியும். டெக் இரவு முழுக்க ஓடியது. வந்தவர் வந்த நேரத்தில் உட்கார்ந்துகொள்ளலாம்.

மறு பாதி, கண்விழிக்க வேண்டிய இரவுகள். திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்குச் சிவராத்திரி பெரிய இரவு. வைகுண்ட ஏகாதசிக்கும் உறங்காமல் இருக்க வேண்டும். அந்த நாட்களில் "திருவிளையாடல்", "சரஸ்வதி சபதம்" கேசட்டுகளுக்குக் கடைகளில் அடிதடி. மஞ்சள் நீராட்டு விழா, கல்யாணத்துக்கு முந்தைய இரவு, கோயில் கூழ் ஊற்றும் திருவிழா எல்லாவற்றுக்கும் டெக் உண்டு. துக்க வீட்டிலும் உண்டு. கருமாதிக்கு முந்தைய இரவு உறவுக்காரர்கள் தூங்காமல் இருக்கவும், அழுது ஓய்ந்தவர்களின் மனம் சற்று மாறவும் படம் போட்டார்கள். வெளியாட்களுக்கு இது விசித்திரமாகப் படலாம். அந்தத் தெருக்களில் அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை.

செலவைப் பெரும்பாலும் தெருவே பங்கு போட்டுக்கொண்டது. டிவி ஒரு திண்ணையில் ஏறும், மின்சாரம் ஒரு வீட்டிலிருந்து வரும், பாய்கள் எல்லா வீட்டிலிருந்தும் வரும். மூன்று படத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு பஞ்சாயத்தே நடக்கும். பெரியவர்களுக்கு எம்.ஜி.ஆர். அல்லது சிவாஜி, இளவட்டங்களுக்கு ரஜினி அல்லது கமல், மூன்றாவதில்தான் சண்டை. குத்துச்சண்டையில் ஊறிய இந்த வட்டாரத்துப் பையன்கள் புரூஸ் லீயின் "என்டர் தி டிராகன்" கேட்பார்கள். பெண்கள் குடும்பப் படம் கேட்பார்கள். இங்கே வாடிக்கையாளர் தனி ஆள் இல்லை, தெருதான். இந்தத் தொழிலின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல்.

மூன்று மணி நேரக் கேசட் ஒன்றில் ஒரு தமிழ்ப் படம் சரியாக அடங்கும். ஆனால் அதே கேசட் நூறு டெக்குகளுக்குள் போய் வந்திருக்கும். நடுப்படத்தில் திரையின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடும், முகங்கள் நெளியும். டெக்கோடு வந்த கடைப்பையன் மூடியைக் கழற்றி, 'ஹெட்'டை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைப்பான். நாடா சிக்கினால் மெல்ல இழுத்துச் சுற்றிச் சரிசெய்வான். வோல்டேஜ் இறங்கும் இரவுகளில் ஸ்டெபிலைசரும் கைவிரிக்கும். இத்தனை இருந்தும் எழுந்துபோனவர்கள் குறைவு. கோளாறு வந்தால் திட்டுவதற்கு எதிரிலேயே ஒரு ஆள் இருந்தான் என்பது சின்ன விஷயமில்லை.

புதுப்படக் கேசட்டுகளில் கணிசமானவை திருட்டுப் பிரதிகள் என்பதையும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு உரிமையாக விற்கப்பட்ட படங்கள் கேசட்டாகத் திரும்பி வந்தன. தயாரிப்பாளர்களும் கொட்டகைக்காரர்களும் கொதித்ததில் நியாயம் இருந்தது. 1984ல் மத்திய அரசு பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, தயாரிப்பாளரின் பெயர், முகவரி, தணிக்கைச் சான்று ஆகியவை கேசட்டில் இருக்க வேண்டும் என்றது. டெக் வைத்துப் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டிலும் அதே ஆண்டு தனிச் சட்டம் வந்தது. 2004ல் வீடியோ திருடர்கள் குண்டர் சட்டத்துக்குள்ளும் கொண்டுவரப்பட்டார்கள்.

அதற்குள் டெக்கின் காலம் முடிந்திருந்தது. 1990களில் கேபிள்காரர்கள் இரவில் படம் போடத் தொடங்கினார்கள். 1993ல் சன் டிவி வந்தது. பின்னாலேயே விசிடி வந்தது. ஒரு படத்துக்கு இரண்டு, மூன்று தட்டுகள். கீறல் விழுந்த தட்டில் பற்பசை தேய்த்துத் துடைக்கும் வைத்தியம் அப்போது வீட்டுக்கு வீடு தெரியும்.

அமெரிக்காவில் அதே பத்தாண்டின் கடைசியில் வேறொரு கதை தொடங்கியது. 1998ல் நெட்ஃபிளிக்ஸ் டிவிடிகளைத் தபாலில் அனுப்பி வாடகைக்கு விட்டது. மறு ஆண்டே மாதச் சந்தா. பட்டியல் எழுதி வைத்தால் சிவப்பு உறையில் தட்டு வரும். பார்த்துவிட்டு அதே உறையில் போட்டு வீட்டுவாசல் பெட்டியில் வைத்தால் தபால்காரர் எடுத்துப் போவார். தாமதத்துக்கு அபராதம் இல்லை என்பதில் சந்தாதாரர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் நிறையப் படம் பார்ப்பவர்களுக்குத் தட்டு தாமதமாக வருகிறது என்று 2004ல் வழக்கு எழுந்தது. குறைவாக எடுப்பவர்களுக்கே அந்நிறுவனம் முன்னுரிமை கொடுத்துவந்தது. திருவொற்றியூர் வீடியோ கடையில் வழக்கம் நேரெதிர்: அடிக்கடி வருகிறவருக்குத்தான் புதுப்படம் மேஜைக்கடியில் ஒதுக்கி வைக்கப்படும்.

இந்தியாவிலும் அந்த முறையை முயன்றார்கள். பெங்களூரில் தொடங்கிய செவன்ட்டிஎம்எம், ரிலையன்ஸ் குழுமத்தின் பிக்ஃபிளிக்ஸ் ஆகியவை 2000களின் பிற்பாதியில் பெருநகரங்களில் இணையவழி ஆர்டர் எடுத்து டிவிடியை வீட்டுக்கே அனுப்பின. நம் தபால்காரர் கடிதம் கொடுப்பார். வீட்டு வாசலில் வைத்த உறையைத் திரும்ப எடுத்துப்போகும் ஏற்பாடு அவரிடம் இல்லை. அதனால் செவன்ட்டிஎம்எம் கொண்டுகொடுக்கவும் திரும்ப வாங்கவும் ஆள் வைத்தது. செலவு ஏறியது. அந்த நேரத்தில்தான் மோசர் பேயர் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கடைகளில் தொங்கவிட்டது. சொந்தமாகவே வாங்க முடிகிறபோது மாதச் சந்தா எதற்கு? இணைய இணைப்பும் கார்டும் வேண்டிய அந்தச் சேவைகள் எண்ணூர் நெடுஞ்சாலையின் லைன் வீடுகளை மனதில் வைத்து உருவானவையும் அல்ல.

நெட்ஃபிளிக்ஸ் 2023 செப்டம்பர் 29ல் கடைசித் தட்டை அனுப்பியது. கையிலிருப்பதை வைத்துக்கொள்ளலாம் என்று சந்தாதாரர்களிடம் சொன்னது. இருபத்தைந்து ஆண்டுகளில் 520 கோடிக்கு மேற்பட்ட தட்டுகள் என்று கணக்கும் காட்டியது. வடசென்னை வீடியோ கடைகளுக்கு அப்படியொரு கணக்கு எங்கும் தொகுக்கப்படவில்லை. எந்தத் தெரு எந்தப் படத்தை எத்தனை முறை எடுத்தது என்பது கடைக்காரர்களின் நீளவாக்கு நோட்டுகளில் இருந்தது. பல நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும். தமிழ் சினிமா ரசனையை ஆராய்பவர்கள் கொட்டகை வசூலோடு நின்றுவிடுகிறார்கள். அந்தக் கடைகளை நடத்தியவர்களும் டெக் தூக்கிப்போன பையன்களும் இன்னும் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் இருக்கும் இந்தக் காலத்திலேயே அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும்.