மென்பொருளுக்கு முன்னர் ஒரு கேள்வி

நுகேகொடையில் வசிக்கும் நண்பர் ஒருவர், ஈழத்துச் சிற்றிதழ்கள் பலவற்றை நீண்ட காலமாகச் சேர்த்து வைத்திருக்கிறார். கரையான் அரிக்கத் தொடங்கிவிட்ட அவற்றுக்கென ஓர் இணையத்தளம் அமைக்க விரும்பும் அவர், எந்த மென்பொருளைக்கொண்டு ஆரம்பிக்கலாம் என்று என்னிடம் கேட்டார். பெயரொன்றைச் சொல்லிவிடுவது எளிது. ஆயினும், தமிழ் இணையமேறிய வரலாற்றை நோக்கினால், அதற்கு முன்னர் கேட்கவேண்டிய கேள்வி வேறொன்று உண்டென்பது புலப்படும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தளம் அமைத்தோர் பெரும்பாலும் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே கையால் கோத்தனர். தளத்தின் முகப்பில் ஒரு சொல்லை மாற்றவேண்டுமாயின் எல்லாப் பக்கங்களையும் திறந்து திருத்த நேர்ந்தது. அதனினும் பெரிய இடர் எழுத்துரு. இலங்கையில் பெரிதும் வழங்கிய பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துரு. அஃது இல்லாத கணினியில் முழுக் கட்டுரையும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். தேடுபொறிக்கும் அது தமிழெனத் தெரியாது. யுனிகோடில் தமிழுக்கு 1991ஆம் ஆண்டிலேயே இடம் கிடைத்திருந்தும், அது பரவலாகப் பல ஆண்டுகள் சென்றன. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று, சுவிற்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டமும், தன் மின்னூல்களைத் திஸ்கிக் குறியேற்றத்திலிருந்து யுனிகோடுக்கு மாற்றவேண்டியிருந்தது.

இதனிடையே உள்ளடக்க முகாமைத்துவ முறைமைகள் தோன்றின. ட்ரூபல் 2001இலும், வேர்ட்பிரஸ் 2003இலும், ஜூம்லா 2005இலும் வெளிவந்தன. இவற்றின் அடிப்படை, பத்திரிகைக் காரியாலயத்தில் பணிபுரிந்தோருக்குப் புதிதன்று. அங்கே செய்தி எழுதுபவர் வேறு, பக்கம் அமைப்பவர் வேறு. இங்கும் உரை தரவுத்தளத்தில் தனியே இருக்கும். தோற்றத்தை வார்ப்புரு தீர்மானிக்கும். வாசகர் கேட்கும் வேளையில் இரண்டும் இணைந்து பக்கமாகும்.

விக்கிப்பீடியாவுக்கென உருவாகி, 2003இல் மீடியாவிக்கி எனப் பெயர்பெற்ற மென்பொருளும் இவ்வகையில் சேர்த்து எண்ணத்தக்கதே. அதே ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்காக, யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் அதன் இடைமுகத்தின் பெரும்பகுதியைத் தமிழாக்கினார். இதனால், அம்மென்பொருளைப் பின்னர் கையாண்டோர் தமிழிலேயே பணிபுரிய வழி திறந்தது.

அவ்வழியிற் சென்றதே நூலகத் திட்டம். 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. மறுபிரதி இல்லாத ஏடுகள் சில அத்தோடு மறைந்தன. ஈழத்து எழுத்துகளை எண்ணிம வடிவிற் பாதுகாக்க, 2005 ஜனவரியில் தி. கோபிநாத், மு. மயூரன் ஆகிய இளைஞர்கள் நூலகத் திட்டத்தைத் தொடங்கினர். பின்னர் அது மீடியாவிக்கியில் அமைந்தது. அங்கே ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் உண்டு. ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, மொழி, பக்க எண்ணிக்கை முதலிய விபரங்கள் ஒரே ஒழுங்கில் பதியப்படுகின்றன. நூலகர் அட்டவணையின் ஒழுக்கம் அது. தளத்தின் தோற்றம் மாறினாலும் அவ்வொழுங்கு குலையாது.

இதற்கு மாறான அனுபவமும் நமக்குண்டு. இலவசமாக இடமளித்த ஜியோசிட்டீஸ் 2009 ஒக்டோபரில் மூடப்பட்டபோது, பிரதி எடுத்து வைக்காதோர் தம் பக்கங்களை இழக்க நேர்ந்தது. தீ மூட்டாமலும் நூலகம் அழியலாம் என்பதை அது உணர்த்தியது.

ஆகவே நண்பரிடம் நான் கூறியது இதுதான். முதலில் தளம் வேண்டாம். ஒவ்வோர் இதழின் பெயர், இதழ் எண், ஆண்டு, ஆசிரியர் ஆகியவற்றை யுனிகோட் தமிழில் ஓர் அட்டவணையாக எழுதுங்கள். நூலகத் தளத்தில் ஏற்கெனவே உள்ளவற்றை நீக்கிவிட்டு, எஞ்சியவற்றுக்கு உரியவர்களின் அனுமதி பெறுங்கள். பக்கங்களை வருடிச் சேமித்து, இரு பிரதிகளை வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். அதன்பின் எந்த முறைமையிலும் ஆரம்பிக்கலாம். ஆனால் உள்ளிட்ட அனைத்தையும் ஒருநாள் முழுமையாக வெளியே எடுக்க முடியுமா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மென்பொருள் மாறும். தளம் மூடப்படும். ஒழுங்காகப் பதிந்த அட்டவணையும் பிரதியும் கையில் இருப்பவர் மீண்டும் தொடங்கலாம். கரையானோ காத்திருக்கப்போவதில்லை.