வண்டிப் படுதாவும் வழித்தங்கலும்

நிறுத்திய வண்டியின் ஒரு பக்கத்தைச் சுவராகக் கொண்டு, அதன் மேல்விளிம்பிலிருந்து பாயையோ துணியையோ இழுத்து, மறுமுனையை இரண்டு கழிகளில் கட்டி நிழல் உண்டாக்கும் முறை தமிழ்நாட்டில் நெடுநாள் பழக்கம். லாரிக்காரர்கள் இந்தத் துணியைப் படுதா என்பர். சந்தையில் தார்ப்பாய் என்பர். காரின் மேற்கூரையில் சுருட்டி வைத்துக்கொண்டு, தங்கும் இடத்தில் இழுத்து விரிக்கும் பந்தல்கள் இப்போது சுற்றுலாப் பயணிகளுக்காக விற்கப்படுகின்றன. அவையும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

சங்க இலக்கியத்தில்

வண்டியையே வீடாகக் கொண்டு பயணம் செய்தவர்களில் நாம் நன்கு அறிந்தவர்கள் உமணர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் அவர்களுடைய உப்பு வண்டி விரிவாகக் காட்டப்படுகிறது. அந்த வண்டிக்கு ஆரைப் புல்லால் வேய்ந்த கூரை உண்டு. கோழிக்கூடு உண்டு. சிறிய உரல் ஒன்று கட்டித் தொங்குகிறது. காடிப் பானை கயிற்றால் பிணிக்கப்பட்டிருக்கிறது. கைக்குழந்தையுடன் இருக்கும் பெண் எருதுகளை ஓட்டுகிறாள். உரலும் கோழியும் பானையும் ஒரு நாள் பயணத்துக்கு வேண்டியவை அல்ல; பல இரவுகள் வழியில் தங்கிச் சமைக்கிற குடும்பத்துக்கு உரியவை. அவ்வையார் பாடிய புறநானூற்றுப் பாடல் ஒன்றில், உமணர் வண்டியின் அடியில் மாற்று அச்சும் கட்டி எடுத்துச் செல்கின்றனர். இன்றைய ‘ஸ்டெப்னி’க்கு அது முன்னோடி எனலாம்.

பெரும்பாணாற்றுப்படையின் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். பூந்தமல்லிக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள திருமழிசையும் அதே தொண்டை நாட்டைச் சேர்ந்த ஊர்தான். திருமழிசை ஆழ்வாரின் பிறப்பிடமாக அறியப்பட்ட இவ்வூர், அண்மைக் காலத்தில் லாரிகளால் நினைவுகூரப்படும்படி ஒரு நிகழ்ச்சி நடந்தது. அதைப் பின்னர் காண்போம்.

கூண்டு வண்டி

மூங்கில் பிளாச்சுகளை அரைவட்டமாக வளைத்து, மேலே பாய் போர்த்தியதே கூண்டு. தங்குமிடம் வந்ததும் மாடுகளை அவிழ்த்துவிட்டு, நுகத்தடிக்கு முட்டுக் கொடுப்பார்கள். வண்டி சமமாக நிற்கும். மேலே பெண்களும் குழந்தைகளும் படுக்க, கீழே சக்கரங்களுக்கு இடையில் ஆண்கள் படுப்பார்கள். வெயில் சாயும் பக்கம் ஒரு சாக்கையோ வேட்டியையோ கட்டிவிட்டால் அடுப்பு மூட்டவும் இடம் கிடைத்துவிடும். ஆடித் திருவிழாவுக்கு மாட்டு வண்டிகளில் அழகர்கோவில் வந்து, வண்டியருகிலேயே சமைத்துத் தங்கும் வழக்கம் தென்மாவட்டங்களில் இன்னும் அற்றுப்போகவில்லை.

தார்ப்பாய் என்ற சொல்

ஐரோப்பிய மாலுமிகள் நீர் புகாதிருக்கத் துணியில் தார் பூசினர். அதற்கான ஆங்கிலப் பெயர் தமிழில் தார்ப்பாய் ஆயிற்று. முதற்பாதி வந்த சொல். பிற்பாதி நம்முடைய பாய். கப்பலின் பாய்மரத்தில் விரிவதையும் நாம் பாய் என்றே சொல்லி வந்ததால், வேற்றுமொழிச் சொல் என்ற உறுத்தலே இல்லாமல் இது மொழியில் கலந்துவிட்டது. பருத்திக் கான்வாஸ் இருந்த இடத்தை இப்போது பெரும்பாலும் நெகிழித் தாள் பிடித்துவிட்டது. இது எடை குறைவு, மலிவு. ஆனால் காற்றுப் போகாது. அடியில் புழுக்கம் மிகும்.

மேலை நாடுகளில் இன்பச் சுற்றுலாவுக்கென்றே வண்டி வீடு கட்டும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் 1885இல் ‘வாண்டரர்’ என்ற குதிரை வண்டியில் பிரிட்டனைச் சுற்றினார். ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951இல் ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் பொருத்தும் முகாம் பெட்டியைக் கொண்டுவந்தது. அங்கு இது விடுமுறைப் பொழுதுபோக்கு. இங்கு பிழைப்போடு ஒட்டியது.

கட்டும் முறை

படுதாவின் வெளி ஓரம் வண்டிப் பக்கத்தைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். இரு கழிகளில் ஒன்றைச் சற்றுக் குட்டையாக வைத்தால் மழைநீர் ஒரே மூலையில் வடியும். இல்லையென்றால் நடுவில் தேங்கிப் பந்தலையே சாய்த்துவிடும். தார்ச் சாலையில் முளை அடிக்க முடியாது. அங்கே கல்லோ மணல் மூட்டையோதான் கயிற்றைப் பிடிக்கும். காற்று அடிப்பகுதியில் புகுந்து தூக்கும் என்பதால், காற்றுக்கு முதுகு காட்டி வண்டியை நிறுத்துவது அனுபவசாலிகளின் வழக்கம்.

இதில் உயிர் காக்கும் பயன் ஒன்றும் உண்டு. லாரியின் அடியில் நிழலுக்காகப் படுத்திருப்பவரைக் கவனிக்காமல் வண்டியை எடுத்து விபத்து நேர்வது உண்டு. படுதா கட்டியிருந்தால், அதை அவிழ்க்காமல் வண்டியை நகர்த்த முடியாது. அவிழ்க்க இறங்குபவர் கண்ணில் படுத்திருப்பவர் பட்டுவிடுவார். சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுப்பதும் இதற்காகத்தான்.

லாரிகளும் திருமழிசையும்

திருச்செங்கோடு பகுதியிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டச் செல்லும் ரிக் வண்டிகள் வடமாநிலங்கள் வரை போகின்றன. அவற்றின் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வண்டியோடு வாழ்கிறார்கள். சமையலும் உறக்கமும் வண்டியருகிலேயே.

2020இல் கொரோனா பரவியதால் கோயம்பேடு சந்தை மே 5 அன்று மூடப்பட்டது. பழ வணிகம் மாதவரத்துக்குப் போயிற்று. காய்கறி மொத்த வணிகம் மே இரண்டாம் வாரத்தில் திருமழிசைக்கு வந்தது. துணைக்கோள் நகரத்துக்கென ஒதுக்கிய திறந்தவெளியில் கொட்டகைகள் போடப்பட்டன. கத்திரி வெயிலில் வெளிமாவட்ட, வெளிமாநில லாரிகள் அங்கு வந்து நின்றன. கொட்டகை வணிகருக்கும் சரக்குக்கும் உரியது. ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் வண்டி நிழலே கதி. பின்னர் மழை வந்தது. தரை சேறாகி, தண்ணீர் தேங்கி, காய்கறிகள் அழுகி வணிகர்கள் நட்டமடைந்தார்கள். செப்டம்பர் 28 அன்று கோயம்பேட்டில் காய்கறி மொத்த வணிகம் மீண்டும் தொடங்கும்வரை, ஏறத்தாழ நாலரை மாதம், சென்னைக்குக் காய்கறி இந்தத் திடலின் வழியாகவே வந்தது.

புதிதாகத் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதனம் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதித்துள்ளது. முன்னரே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கும், மூட்டை இறக்க வருபவர்களுக்கும் இந்த விதியில் இடமில்லை. அவர்கள் படுதாவைத்தான் கட்டிக்கொள்கிறார்கள்.