தன்னார்வக் கணிமை: முடிந்த பணிகளை ஒப்படைத்தலும் சரிபார்த்தலும்

தன்னார்வக் கணிமை என்பது பெரிய ஆய்வுக் கணக்கு ஒன்றைச் சிறு பணிகளாகப் பிரித்து, விரும்பி முன்வருவோரின் வீட்டுக் கணினிகளில் ஓடவிட்டு, விடைகளைத் திரும்பப் பெறும் முறை. 1999 மே 17இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய செட்டி அட் ஹோம் என்ற திட்டம் இதைப் பரவலாக்கியது. அந்த அனுபவத்தின்மேல் டேவிட் ஆண்டர்சன் குழுவினர் உருவாக்கி 2002இல் வெளியிட்ட பாயின்க் என்ற மென்பொருளில்தான் இத்தகைய திட்டங்கள் பலவும் இயங்குகின்றன. 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மழையை ஆராய்ந்தவர்கள் பயன்படுத்திய வெதர் அட் ஹோமும் அவற்றில் ஒன்று.

கணக்கைப் பிரித்துக் கொடுப்பது எளிது. திரும்பி வரும் விடையை நம்பலாமா என்பதே சிக்கல். கணினியின் சொந்தக்காரர் யாரென்று வழங்கிக்குத் தெரியாது. சூடேறிய செயலி தவறாகக் கணக்கிடலாம், நினைவகம் பழுதாகியிருக்கலாம், வேகத்தை அளவுக்கு மீறி முடுக்கிவிட்டிருக்கலாம். வேண்டுமென்றே பொய்விடை அனுப்புவோரும் உண்டு. முடித்த பணிகளுக்குத் தரப்படும், பரிசு எதுவுமில்லாத புள்ளிகளின் பட்டியலில் மேலே ஏறுவதற்காகவே செட்டி அட் ஹோமில் சிலர் போலி விடைகளை அனுப்பினார்கள்.

ஒப்படைத்தல்

பணி முடிந்ததும் விடைக் கோப்புகள் பதிவேற்ற வழங்கிக்குச் செல்கின்றன. இணைப்பு அறுந்தால் தன்னார்வலர் கணினியிலுள்ள நிரல் சற்றுப் பொறுத்து மீண்டும் முயலும். ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருப்பு நீளும். விட்ட இடத்திலிருந்தே பதிவேற்றம் தொடரும். ஆனால் கோப்பு போய்ச் சேர்ந்ததும் பணி ஒப்படைக்கப்பட்டதாக ஆகிவிடாது. வேலை முடிந்தது என்று திட்டமிடு வழங்கிக்குத் தனியே அறிவிக்க வேண்டும். மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தைத் தராசில் ஏற்றுவது ஒன்று, அந்த எடையைத் தோட்டக் கணக்கரான கிராணி தன் ஏட்டில் ஏற்றுவது இன்னொன்று. அதைப் போன்றது இது.

இரண்டையும் பிரித்து வைத்ததற்குக் காரணம் தரவுத்தளத்தின் சுமை. ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு பணிக்கும் தனித்தனியே கதவைத் தட்டினால் வழங்கி தாங்காது. அதனால் நிரல் முடிந்த பணிகளைச் சேர்த்து வைத்து, புதுப் பணி கேட்கும்போது மொத்தமாக அறிவிக்கிறது. கெடு நெருங்கினால் காத்திராது. வேலை நூறு விழுக்காடு முடிந்தும் புள்ளி ஏறவில்லையே என்று புதியவர்கள் பதறுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். கெடு தாண்டியும் தகவல் வராவிட்டால் வழங்கி அதே பணியின் இன்னொரு படியை வேறு கணினிக்கு அனுப்பிவிடும்.

சரிபார்த்தல்

வழக்கமான முறை, ஒரே பணியை ஒருவரையொருவர் அறியாத இருவருக்கோ மூவருக்கோ கொடுப்பது. ஒரே பயனருக்கு இரண்டு படிகள் போகாதபடி திட்டம் தடுத்துக்கொள்ளலாம். குறித்த எண்ணிக்கையில் விடைகள் வந்து சேர்ந்ததும் சரிபார்ப்பு நிரல் அவற்றை ஒப்பிடுகிறது. போதுமானவை ஒத்துப்போனால் அவற்றுள் ஒன்று ஏற்பு விடையாகிறது. ஒத்தவை எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. ஒத்துப்போகாவிட்டால் முடிவு சொல்லாமல் இன்னொரு படி அனுப்பப்படும். பிழைகளுக்கும் மொத்தப் படிகளுக்கும் வரம்பு உண்டு; அதைத் தாண்டினால் பணியே கைவிடப்படும்.

2010இல் ஐன்ஸ்டைன் அட் ஹோம் என்ற திட்டம் ஒரு புதிய துடிவிண்மீனைக் கண்டறிந்தபோது, கண்டவர்களாக அயோவாவின் ஒரு தம்பதியும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தவர் ஒருவரும் அறிவிக்கப்பட்டார்கள். ஒரே தரவை இரு கணினிகள் ஆராய்ந்ததால் வந்த கூட்டுப் புகழ் அது.

இரட்டை வேலை என்றால் பாதித் திறன் வீண். ஆகவே தொடர்ந்து சரியான விடை தந்த கணினிகளுக்கு ஒற்றைப் படியே கொடுத்து, அவ்வப்போது முன்னறிவிப்பின்றிச் சோதிக்கும் வசதியும் பாயின்க்கில் இருக்கிறது.

ஒப்பிடுவதிலும் ஒரு கண்ணி உண்டு. பதின்மக் கணக்கில் கடைசி இலக்கத்தை இருவேறு செயலிகள் இருவேறாக முழுமையாக்கலாம். சில திட்டங்கள் சிறு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்கின்றன. சில, ஒரு பணியின் படிகளை ஒரே வகைச் செயலியும் இயங்குதளமும் உள்ள கணினிகளுக்கு மட்டுமே அனுப்புகின்றன. 2004இல் தொடங்கிய செர்ன் நிறுவனத்தின் எல்எச்சி அட் ஹோம் மூன்றாவது வழியில் போனது: முடுக்கிக்குள் துகள் பாதையைக் கணக்கிடும் தன் நிரலை, எந்தக் கணினியிலும் கடைசி பிட் வரை ஒரே விடை வரும்படி சீரமைத்தது.

காலநிலைக் கணக்குகள்

வெதர் அட் ஹோமின் தாய்த்திட்டமான கிளைமேட்பிரெடிக்‌ஷன் 2003இல் ஆக்ஸ்போர்டில் தொடங்கியது. இங்கே மேற்சொன்ன ஒப்பீடு பொருந்தாது. வளிமண்டலத்தின் கணினி மாதிரியில் கடைசி இலக்க வேறுபாடு, அந்த மாதிரி உலகின் சில வாரங்களுக்குள் வேறொரு வானிலையாகவே வளர்ந்துவிடும். பணிகளும் நீளமானவை. எனவே பொதுவாக ஒவ்வொன்றும் ஒருமுறைதான் ஓடும். கணினி இடையிடையே சிறு முன்னேற்றச் செய்திகளை அனுப்பும், அவற்றுக்கேற்பப் புள்ளி ஏறும். நடுவில் நின்றுபோனாலும் அதுவரை செய்த உழைப்புக்குக் கணக்கு உண்டு.

நம்பகம் தனி விடையில் இல்லை, கூட்டத்தில் இருக்கிறது. 2005இல் நேச்சர் இதழில் வந்த இதன் முதல் பெரிய ஆய்வில் 2,578 ஓட்டங்கள் இடம்பெற்றன. அவற்றில் தனித்துவமானவை 2,017 மட்டுமே. எஞ்சியவை முறையைச் சோதிக்கவென்றே வைத்துக்கொண்ட இரட்டைகள். கணினி வகையும் மென்பொருளும் மாறுவதால் வரும் வேறுபாடு, மாதிரியின் அளவுருக்களை மாற்றுவதால் வரும் வேறுபாட்டைவிடச் சிறியது என்று ஏறத்தாழ 57,000 ஓட்டங்களை அலசிய 2007ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்த சென்னை மழைக்கும் இதே தர்க்கம்தான். மனிதர் உமிழ்ந்த வாயுக்கள் உள்ள உலகம், இல்லாத உலகம் என இரண்டையும் பலமுறை ஓடவிட்டு, அத்தகைய மழை எதில் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுவது. எங்கோ ஒரு பழுதான கணினி ஒரு ஓட்டத்தைக் கெடுத்தாலும் எண்ணிக்கை பெரிதாக அசையாது. ஆக்ஸ்போர்டு, டெல்லி ஐஐடி, நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கட்டுரை வேறு மாதிரிகளையும் சேர்த்துப் பார்த்து, புவி வெப்பமாதலின் தாக்கம் அந்த மழையில் தென்படவில்லை என்றது. காற்றிலுள்ள மாசுத்துகள்கள் அதை ஈடுகட்டியிருக்கலாம் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

எந்தச் சரிபார்ப்புக்கும் பிடிபடாத பிழை ஒன்றுண்டு: வழங்கியே தவறான தரவை அனுப்புவது. கிளைமேட்பிரெடிக்‌ஷன் 2006இல் பிபிசியுடன் சேர்ந்து நடத்திய சோதனையில் சல்பேட் துகள் தொடர்பான உள்ளீட்டுக் கோப்பு பழுதாக இருந்தது. எல்லாக் கணினிகளும் ஒழுங்காகவே கணக்கிட்டன. எல்லாவற்றிலும் பூமி அளவுக்கு மீறிச் சூடேறியது. ஓட்டங்களை மாதிரிக் காலத்தின் 1920ஆம் ஆண்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

இரட்டை வேலையை அறவே தவிர்க்கும் வழியைப் பகா எண் தேடும் கிம்ப்ஸ் திட்டம் 2020இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கணினி விடையோடு ஒரு கணிதச் சான்றையும் அனுப்புகிறது. அதைச் சோதிக்க மூலக்கணக்கின் உழைப்பில் மிகச் சிறு பங்கே போதும். ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப வர்க்கப்படுத்தும் கணக்காக இருப்பதால் அது அங்கே கைகூடுகிறது. மழைக்கும் காற்றுக்கும் அப்படியொரு சான்று இன்னும் அமையவில்லை.