கடைசிக்கால அடையாளங்கள்

இயேசு கிறிஸ்து மீண்டும் வருவார், இறந்தோர் உயிர்த்தெழுவர், உலகம் நியாயந்தீர்க்கப்படும் என்பது கிறிஸ்தவத்தின் அடிப்படை நம்பிக்கைகளுள் ஒன்று. அந்நாளுக்கு முன்பாகத் தோன்றும் என்று வேதாகமம் கூறும் நிகழ்வுகள் கடைசிக்கால அடையாளங்கள் எனப்படும். போர், பஞ்சம், கொள்ளைநோய், பூமியதிர்ச்சி, கள்ளத் தீர்க்கதரிசிகளின் எழுச்சி, விசுவாசிகள் படும் உபத்திரவம், உலகெங்கும் சுவிசேஷம் அறிவிக்கப்படுதல், அந்திக்கிறிஸ்துவின் வருகை, சூரிய சந்திரர் இருளடைதல் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. வரும் நாளைக் கணக்கிடத் தரப்பட்ட குறிப்புகளாக இவற்றைக் கொண்டோர் உண்டு. நாள் தெரியாத நிலையில் விழித்திருக்கச் சொல்லும் எச்சரிக்கையாகக் கொண்டோரும் உண்டு. இவ்விரு வாசிப்புகளுக்கும் இடையே நடந்த இழுபறியே இந்த நம்பிக்கையின் வரலாறு.

வேதாகம அடிப்படை

அடையாளங்கள் பற்றிய பேச்சு புதிய ஏற்பாட்டுக்கு முந்தையது. கி.மு. 167இல் செலூக்கிய மன்னன் நான்காம் அந்தியோக்கஸ் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தினான். தானியேல் புத்தகம் இன்றைய வடிவத்தை அந்த நெருக்கடியில்தான் பெற்றது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அதிலுள்ள எழுபது வாரங்கள், 2300 நாட்கள், பாழாக்கும் அருவருப்பு ஆகியவை பிற்காலக் கணக்குகள் பலவற்றுக்கு ஊற்றாயின.

புதிய ஏற்பாட்டில் இதற்கு மையமாக இருப்பது ஒலிவமலைச் சொற்பொழிவு (மத்தேயு 24, மாற்கு 13, லூக்கா 21). ஆலயத்தின் பெரிய கற்களைச் சீடர்கள் வியந்தபோது, அவை ஒன்றன்மேல் ஒன்று நில்லாமல் இடியும் என்று இயேசு முன்னுரைத்தார். அது எப்போது நிகழும், அதற்கு அடையாளம் என்ன என்று அவர்கள் கேட்க, அவர் தந்த விடையே இச்சொற்பொழிவு. போர்களையும் பஞ்சங்களையும் பூமியதிர்ச்சிகளையும் அது வரிசையாகச் சொல்கிறது. ஆனால் இவை வேதனையின் தொடக்கம் மட்டுமே, முடிவு அப்போதே வந்துவிடாது என்றும் அதே மூச்சில் எச்சரிக்கிறது. அத்திமரம் துளிர்ப்பதைக் கண்டு கோடை நெருங்குவதை அறிவதுபோல் காலத்தை அறியச் சொல்கிறது. அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர யாரும் அறியார் என்றும் சொல்கிறது. பிற்காலக் கருத்து வேறுபாடுகள் பெரும்பாலும் இவ்விரண்டில் எதற்கு அழுத்தம் தருவது என்பதில் பிறந்தவை. கி.பி. 70இல் தீத்துவின் தலைமையில் ரோமப் படை எருசலேமைக் கைப்பற்றி ஆலயத்தை அழித்தது. முன்னறிவிப்பின் ஒரு பகுதி நிறைவேறியதாகவும் மறு பகுதி காத்திருப்பதாகவும் கிறிஸ்தவர்கள் அதைக் கண்டனர்.

பவுல் கி.பி. 50 வாக்கில் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம், கர்த்தருடைய நாள் இரவில் திருடன் வருவதுபோல் வரும் என்கிறது. அவர் பெயரிலுள்ள இரண்டாம் நிருபமோ, முதலில் விசுவாச துரோகமும் பாவமனுஷனின் எழுச்சியும் நிகழ வேண்டும் என்கிறது. அந்திக்கிறிஸ்து என்ற பெயர் யோவானின் நிருபங்களில் மட்டுமே வருகிறது. அங்கும் அப்படிப்பட்டவர்கள் பலர் ஏற்கெனவே தோன்றிவிட்டனர் என்றே சொல்லப்படுகிறது. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த வெளிப்படுத்தின விசேஷம் (கத்தோலிக்க வழக்கில் திருவெளிப்பாடு) ஏழு முத்திரைகள், ஏழு எக்காளங்கள், நான்கு குதிரை வீரர்கள், மிருகத்தின் எண்ணாகிய 666, ஆயிர வருட அரசாட்சி ஆகியவற்றை இந்த நம்பிக்கைக்கு வழங்கியது.

தொடக்கத் திருச்சபை

இரண்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரிகியாவில் மொந்தானுவும், பிரிஸ்கில்லா, மாக்சிமில்லா என்னும் பெண் தீர்க்கதரிசிகளும் முடிவு நெருங்கிவிட்டதாக அறிவித்தனர். பெப்பூசா என்ற சிற்றூரை அவர்கள் புதிய எருசலேம் என்றே அழைத்தனர். 204ஆம் ஆண்டளவில் தானியேலுக்கு உரை எழுதிய ரோமின் இப்போலித்து இரண்டு துயர நிகழ்ச்சிகளைப் பதிவு செய்திருக்கிறார். சிரியாவில் ஒரு சபைத் தலைவர் கிறிஸ்துவை எதிர்கொள்ள மக்களைக் குழந்தை குட்டிகளுடன் பாலைவனத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே அலைந்தவர்கள் கொள்ளையர் என்று கருதப்பட்டுக் கொல்லப்படும் நிலைக்கு வந்தனர். பொந்து நாட்டில் இன்னொருவர் ஓராண்டுக்குள் நியாயத்தீர்ப்பு வரும் என்றார். அதை நம்பியவர்கள் நிலத்தைப் பயிரிடாமல் விட்டு, உடைமைகளை விற்றுத் தீர்த்து, ஆண்டு கழிந்ததும் பிச்சையெடுக்கும் நிலையை அடைந்தனர். இந்த அவசரத்தைத் தணிக்க இப்போலித்து வேறொரு கணக்கைத் தந்தார்: உலகம் படைக்கப்பட்டு 5500 ஆண்டுகள் கழித்து இயேசு பிறந்தார், உலகின் ஆயுள் 6000 ஆண்டுகள், ஆகவே முடிவுக்கு இன்னும் சில நூற்றாண்டுகள் உள்ளன.

இச்சிக்கலுக்கு மேற்கத்தியத் திருச்சபை நெடுங்காலம் பின்பற்றிய விடையைத் தந்தவர் அகுஸ்தீன். ஆயிர வருட அரசாட்சி என்பது திருச்சபை வாழும் இக்காலமே என்று 'கடவுளின் நகரம்' நூலின் 20ஆம் பகுதியில் அவர் விளக்கினார். 418இல் ஒரு சூரிய கிரகணம் மக்களை நடுங்கச் செய்தது. அதையொட்டிய காலத்தில் சலோனாவின் ஆயர் ஹெசிக்கியு, அடையாளங்கள் நிறைவேறி வருகின்றனவே என்று அவருக்கு எழுதினார். சுவிசேஷம் சென்று சேராத மக்கள் ஆப்பிரிக்காவிலேயே பலர் இருக்கிறார்கள் என்று அகுஸ்தீன் மறுமொழி தந்தார். எசமானுக்காகக் காத்திருக்கும் மூன்று ஊழியர்களையும் அவர் காட்டினார். சீக்கிரம் வருவார் என்பவன் ஒருவன், தாமதித்து வருவார் என்பவன் ஒருவன், எனக்குத் தெரியாது என்பவன் ஒருவன். மூவருமே அவர் வருகையை விரும்புகிறார்கள். தன் அறியாமையை ஒப்புக்கொண்ட மூன்றாமவன் பக்கமே அகுஸ்தீன் நின்றார்.

இடைக்காலம்

590இல் ரோமில் கொள்ளைநோய் பரவியபோது பாப்பரசரான முதலாம் கிரகோரி, லொம்பார்துகளின் படையெடுப்பிலும் நகரின் சிதைவிலும் முடிவின் அறிகுறிகளைக் கண்டார். ஆனால் அந்த உணர்வு அவரை முடக்கவில்லை. ஆங்கிலேயரிடம் மறைபரப்பாளர்களை அனுப்பியவரும் அவரே. எட்டாம் நூற்றாண்டில் பீட் என்னும் ஆங்கிலத் துறவி, உலகின் வயதை மறுபடி கணக்கிட்டு, கிறிஸ்து பிறந்தது படைப்புக்குப் பின் 3952ஆம் ஆண்டு என்றார். 6000 ஆண்டுக் கணக்கு இதனால் பல நூற்றாண்டுகள் தள்ளிப்போயிற்று.

இடைக்கால மக்களின் மனத்தில் ஆழப் பதிந்தது 'நியாயத்தீர்ப்புக்கு முந்தைய பதினைந்து அடையாளங்கள்' என்னும் மரபு. புனித எரோனிமு எபிரேய ஏடுகளில் கண்டெடுத்தது என்று அது வழங்கியது. ஆனால் அவருடைய நூல்கள் எதிலும் அது இல்லை. நாளுக்கொன்றாகப் பதினைந்து நாட்கள்: கடல் மலைகளுக்கு மேல் நாற்பது முழம் எழும், பிறகு கண்ணுக்கெட்டாத ஆழத்துக்கு வற்றும், கடல் விலங்குகள் மேலெழுந்து கதறும், நீர் தீப்பற்றும், மரஞ்செடிகள் இரத்தப் பனி சிந்தும், கட்டடங்கள் சரியும், பாறைகள் ஒன்றோடொன்று மோதும். குகைகளில் ஒளிந்தவர்கள் வெளியே வந்து பேச்சிழந்து திரிவார்கள். இறந்தோரின் எலும்புகள் எழும், விண்மீன்கள் உதிரும், இறுதியில் புதிய வானமும் புதிய பூமியும் தோன்றும். 13ஆம் நூற்றாண்டில் வராசேயின் யாக்கோபு தொகுத்த 'பொன்னான புனிதர் வரலாறு' இதைப் பரப்பியது. இங்கிலாந்தின் யார்க் நகரில், வடக்குத் தெருவிலுள்ள சகல புனிதர் ஆலயத்தின் 15ஆம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடிச் சாளரத்தில் இக்காட்சிகளை இன்றும் காணலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மனந்திரும்புதலைக் கற்பித்த பாடநூல்கள் இத்தகைய சாளரங்களே.

தெற்கு இத்தாலியின் மடாதிபதி பியோரே யோவாக்கிம் (இறப்பு 1202) வரலாற்றைப் பிதா, குமாரன், ஆவியானவர் என மூன்று யுகங்களாகப் பகுத்தார். அவரைப் பின்பற்றியோர் 1260ஐத் திருப்புமுனையாக எதிர்பார்த்தனர். 1347 முதல் ஐரோப்பாவைச் சூறையாடிய கறுப்புக் கொள்ளைநோயின்போது, முடிவு வந்துவிட்டதென்று நம்பிய கூட்டங்கள் தம்மைத் தாமே சாட்டையால் அடித்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றன.

சீர்திருத்தக் காலமும் அதன் பின்னும்

மார்ட்டின் லூத்தர், அந்திக்கிறிஸ்து எதிர்காலத்தில் வரப்போகும் ஒரு மனிதனல்ல, பாப்பரசுப் பதவியே என்றார். 1529இல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டதும் அவருக்கு ஓர் அடையாளமாயிற்று. அவருடைய நண்பரும் கணித அறிஞருமான மிகாயேல் ஸ்டிஃபெல், 1533 அக்டோபர் 19 காலை எட்டு மணிக்கு உலகம் முடியும் என்று அறிவித்தார். நாள் பொய்த்ததும் சிறிது காலம் காவலில் வைக்கப்பட்டார். 1534-35இல் முன்ஸ்டர் நகரைப் புதிய எருசலேமாக்க முயன்ற ஆனபாப்டிஸ்டுகளின் ஆட்சி பசியிலும் படுகொலையிலும் முடிந்தது.

புராட்டஸ்டாண்டுகளின் வாசிப்புக்கு மறுப்பாக இயேசு சபையினர் இருவர் வேறு வழிகளைத் திறந்தனர். வெளிப்படுத்தின விசேஷத்தின் பெரும்பகுதி இறுதிக் காலத்துக்கே உரியது என்றார் பிரான்சிஸ்கோ ரிபேரா. அது தொடக்கத் திருச்சபையின் காலத்திலேயே நிறைவேறியது என்றார் லூயிஸ் தெ அல்காசார். வரலாறு முழுதும் படிப்படியாக நிறைவேறுகிறது என்ற புராட்டஸ்டாண்டு முறையும், காலத்தைக் கடந்த ஆன்மிக உண்மைகளின் உருவகம் என்ற முறையும் சேர்ந்து, நான்கு விளக்க மரபுகள் இன்றுவரை வழங்குகின்றன.

1755 நவம்பர் 1இல் லிஸ்பனை அழித்த நிலநடுக்கம், 1780 மே 19இல் நியூ இங்கிலாந்தில் பகலே இரவான இருண்ட நாள், 1833 நவம்பர் 13இல் வட அமெரிக்காவில் விடிய விடியப் பொழிந்த எரிகல் மழை ஆகிய மூன்றும் ஆறாம் முத்திரையின் நிறைவேற்றமாக ஒரே வரிசையில் வைக்கப்பட்டன. 1831இல் பிரசங்கிக்கத் தொடங்கிய நியூயார்க் மாநில விவசாயி வில்லியம் மில்லர், தானியேலின் ஒரு நாளை ஓர் ஆண்டாகக் கொண்டு, கி.மு. 457 முதல் 2300 ஆண்டுகளை எண்ணினார். அவரைப் பின்பற்றி எழுந்த இயக்கத்தின் இதழுக்கே 'காலத்தின் அடையாளங்கள்' என்று பெயர். முதலில் குறித்த காலம் கடந்தபின், 1844 அக்டோபர் 22 என்று நாள் முடிவாயிற்று. பயிரை அறுக்காமலும் கடையைத் திறக்காமலும் காத்திருந்தோர் பலர். அந்த இரவு விடிந்தபோது அவர்கள் அடைந்த துயரத்தை வரலாறு 'மாபெரும் ஏமாற்றம்' என்று குறிக்கிறது. அதிலிருந்து மீண்டவர்களுள் ஒரு பகுதியினர் 1863இல் ஏழாம் நாள் அட்வெந்து சபையாக அமைந்தனர். அவர்கள் பின்னர் நாள் குறிக்கவில்லை.

அதே காலத்தில் சகோதர சபை இயக்கத்தின் ஜான் நெல்சன் டார்பி (1800-1882), மகா உபத்திரவத்துக்கு முன்பே கிறிஸ்து தம் சபையை எடுத்துக்கொள்வார் என்று போதித்தார். தமிழ்ச் சபைகளில் இரகசிய வருகை என்று சொல்லப்படுவது இதுவே. 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்கக் குறிப்பு வேதாகமம் இப்போதனையை உலகெங்கும் கொண்டுசென்றது.

தமிழகமும் திருவிதாங்கூரும்

தரங்கம்பாடியில் சீகன்பால்க் அச்சிட்ட புதிய ஏற்பாட்டின் வழியே 1715க்குள் ஒலிவமலைச் சொற்பொழிவு தமிழில் அச்சேறியது. கிறிஸ்து எந்நேரமும் வரலாம் என்ற தீவிர எதிர்பார்ப்பை 1833இல் இந்தியாவுக்கு வந்த அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் கொணர்ந்தார். அவர் டார்பியின் பழைய தோழர். குரோவ்ஸின் உடனுழைப்பாளரான யோவான் கிறிஸ்தியான் அருளப்பன், 1840இல் கிறிஸ்தியான்பேட்டை என்ற குடியிருப்பை நிறுவினார். 1860இல் அங்கே தொடங்கிய எழுப்புதலில் ஆண்களும் பெண்களும் தீர்க்கதரிசனம் உரைத்தனர், அந்நியபாஷை பேசினர், பாவ அறிக்கை செய்து ஊர் ஊராகப் பிரசங்கித்தனர். மேற்கத்திய நாடுகளில் பெந்தெகொஸ்தே இயக்கம் பிறப்பதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் முந்திய நிகழ்வு இது.

அதன் அலை 1870களில் திருவிதாங்கூரை எட்டியது. தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து 1861இல் திருமுழுக்குப் பெற்று ஆங்கிலிக்கப் போதகரான யுஸ்து யோசேப்பு, கிறிஸ்து 1881இல் வருவார் என்று 1875இல் அறிவித்தார். நாள் பொய்த்தபின் பலர் பழைய சபைகளுக்குத் திரும்பினர். எஞ்சியோர் யூயோமயம் என்ற தனிச் சபையாக நின்றனர். 'வித்வான் குட்டி' என்ற பெயரால் அறியப்படும் அவருடைய மலையாளக் கீர்த்தனைகளோ சபை வேறுபாடின்றி இன்றும் பாடப்படுகின்றன. 1920களில் கொழும்பில் தொடங்கித் தமிழகத்தில் வேரூன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், இரண்டாம் வருகைக்கு ஆயத்தமாதலையே போதனையின் மையமாக்கியது. அதன் ஊழியர்கள் திருமணம் செய்துகொள்வதில்லை.

இருபதாம் நூற்றாண்டும் இன்றும்

1948 மே 14இல் இஸ்ரேல் நாடு உருவானதும் 1967இல் பழைய எருசலேம் அதன் கைக்கு வந்ததும், அத்திமரம் துளிர்த்துவிட்டது என்ற விளக்கத்தை வலுப்படுத்தின. 1970இல் ஹால் லிண்ட்சே எழுதிய நூல், ஐரோப்பியப் பொதுச் சந்தையையும் சோவியத் யூனியனையும் தீர்க்கதரிசனத்தில் காட்டிப் பெரும் விற்பனை கண்டது. இஸ்ரேல் பிறந்து ஒரு தலைமுறை, அதாவது நாற்பது ஆண்டு, என்ற கணக்கில் பலர் எதிர்பார்த்த 1988 கடந்துபோயிற்று. ஹரால்டு கேம்பிங் குறித்த 2011 மே 21உம் அவ்வாறே. பொருட்களின் பட்டைக்குறியீடு முதல் கொரோனா தடுப்பூசி வரை மிருகத்தின் முத்திரையாகச் சந்தேகிக்கப்பட்டன. ஆண்டுக்குச் சராசரியாகப் பதினைந்து அல்லது பதினாறு என்ற அளவில் பெரும் நிலநடுக்கங்கள் நிகழ்வதாக 1900க்குப் பிந்திய பதிவுகள் காட்டுகின்றன. அவை தொடர்ந்து பெருகி வருவதாக நிலவியலாளர்கள் கருதவில்லை.

பெருந்திருச்சபைகள் நாள் குறிப்பதை ஏற்பதில்லை. 1992ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, முடிவுக்கு முன் திருச்சபை இறுதிச் சோதனை ஒன்றைக் கடக்கும் என்று கற்பிக்கிறது. வரலாற்றுக்குள்ளேயே மெசியாவின் ஆட்சியை நிறுவ முனையும் ஆயிர வருடக் கொள்கையை மறுக்கிறது.

மதிப்பீடு

குறித்த நாட்கள் ஒவ்வொன்றும் பொய்த்தும் நம்பிக்கை அழியவில்லை. துன்பம் அர்த்தமற்றதல்ல, அநீதிக்கு இறுதி வார்த்தை இல்லை என்ற உறுதியை அது தந்ததே காரணம். உபத்திரவத்தில் வாழ்ந்த சபைகளுக்கு அது தாங்கும் வலிமையானது. நாள் குறித்த தலைவர்களை நம்பிய எளியவர்களுக்கோ வயலையும் வீட்டையும் இழந்த இழப்பானது. இவற்றைப் பிரித்தறியும் அளவுகோல் மத்தேயு சுவிசேஷத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. அடையாளங்களைப் பேசும் 24ஆம் அதிகாரத்தை அடுத்து வருவன பத்துக் கன்னிகைகள், தாலந்துகள் ஆகிய உவமைகள். அவற்றைத் தொடர்வது நியாயத்தீர்ப்புக் காட்சி. அங்கே நியாயாதிபதி, பசித்தவனுக்கு உணவளித்தீர்களா, சிறையிலிருந்தவனைப் பார்க்க வந்தீர்களா என்பதைக் கொண்டே தீர்ப்பளிக்கிறார். வருகையின் நாளைச் சரியாகக் கணக்கிட்டோருக்கென்று அக்காட்சியில் தனி இடம் எதுவும் இல்லை.