இரைச்சல் என்னும் தராசு

ஸ்கந்தபுரம் போன்ற வன்னி ஊர்களில், இரவு வேளையில் வானொலியின் முள்ளை இரு நிலையங்களுக்கு நடுவே நிறுத்தினால் 'உஸ்' என்றதோர் இரைச்சல் எழும். அதிற் பெரும் பகுதி வானிலிருந்து வருவது. வான்கம்பியைக் கழற்றிய பின்னும் எஞ்சும் மெல்லிய இரைச்சலோ கருவிக்குள்ளேயே பிறப்பது.

1918இல் ஜெர்மனியில் சீமென்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய வால்டர் ஷொட்கி, வெற்றிடக் குழாயின் இரைச்சலை அடியோடு நீக்க இயலாதென்று காட்டினார். மின்னோட்டம் வாய்க்கால் நீர்போல் இடையறாது ஓடுவதன்று. இலத்திரன்கள் தனித்தனியே வந்து விழுவதே மின்னோட்டம். மாரி காலத்தில் தகரக் கூரையிற் பெய்யும் மழையை எண்ணிப் பார்க்கலாம். தூறலும் பெருந்துளியும் ஒரே அளவு நீரைக் கொட்டினாலும், பெருந்துளியின் ஓசையே கரடுமுரடானது. ஆகவே ஓட்டத்தையும் இரைச்சலையும் அளந்தால் ஒரு துளியின் பருமனை, அதாவது ஓர் இலத்திரனின் ஏற்றத்தைக் கணக்கிடலாம். 1925இல் அமெரிக்காவில் ஹல், வில்லியம்ஸ் என்போர் அவ்வாறே கணக்கிட்டனர். 1928இல் ஜோன்சனும் நைக்விஸ்டும் மற்றோர் இரைச்சலை விளக்கினர். வெப்பத்தால் எழும் அது, ஓட்டமே இல்லாதபோதும் ஓயாது.

தொல்லையாயிருந்தது தராசாயிற்று. அத்தராசுக்குப் பெருஞ் சோதனை பின்னரே வந்தது. கடுங்குளிரில், வலிய காந்தப்புலத்தில் வைத்த குறைகடத்திப் படலமொன்றில் 1982இல் விந்தையான மின்னியல்பு காணப்பட்டது. அங்கே இலத்திரனின் மூன்றிலொரு பங்கு ஏற்றமுடையவை உலவுகின்றன என்று மறு ஆண்டு ராபர்ட் லாஃப்லின் கூறினார். இலத்திரன் உடைவதில்லை, பல இலத்திரன்கள் கூடி இயங்கும்போது அக்கூட்டத்தின் அசைவே பின்ன ஏற்றமுடையதுபோல் நடக்கிறது. எளிதில் நம்பத்தக்க கூற்றன்று. அதனை நிறுத்துப் பார்ப்பது எவ்வாறு?

1997இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்திலும் பிரான்சின் சக்ளேயிலும் இரு குழுவினர் தனித்தனியே முயன்றனர். சக்ளேக் கட்டுரையின் முதற் பெயர் சாமிநாதயர். தமிழ்ச் செவிக்கு அயலாகத் தோன்றாத பெயர். சில நூறு நனோமீற்றர் அகலமே உள்ள இடுக்கின் வழியே ஓட்டம் செலுத்தப்பட்டது. வெப்ப இரைச்சலை அடக்க, தனிப்பூச்சியத்தினும் ஒரு பாகையின் பத்திலொரு பங்குகூட மேற்படாத குளிர் வேண்டியிருந்தது. அப்போதும் பெருக்கிக் கருவியின் சொந்த இரைச்சல், அளக்க வேண்டியதை மூழ்கடிக்கும். அதற்கும் ஓர் உபாயம் உண்டு. ஒரே குறிப்பை இரு பெருக்கிகளுக்கு அனுப்பி, இரண்டிலும் ஒருங்கே எழுவதை மட்டும் கொள்வர். ஒவ்வொன்றும் தானே எழுப்புவது நெடுநேரச் சராசரியிற் கரைந்துவிடும்.

இடுக்கிற் பட்டுத் திரும்பிய ஓட்டம், இலத்திரன்களால் எழவேண்டிய இரைச்சலில் மூன்றிலொரு பங்கையே எழுப்பிற்று. இரு ஆய்வுகூடங்களிலும் அதே விடை. 1998இல் லாஃப்லினும், 1982ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பிற் பங்குகொண்ட ஸ்டோர்மர், சுய் இருவரும் நொபெல் பரிசு பெற்றனர்.