குதிகால் முள்

பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறிக் கூடங்களுக்குள் நுழைந்தால், சிமென்ட் தரையில் நாளெல்லாம் நின்றும் நடந்தும் உழைப்போரைக் காணலாம். குழித்தறியில் அமர்ந்து நெய்த அவர்களுடைய பாட்டனார்க்குக் குதிகாலின்மேல் இத்தனை சுமை இருந்ததில்லை. காலையில் எழுந்து முதலடி வைக்கும்போது முள் தைத்தாற்போல் குத்தும் நோவை எங்கள் சேலம், நாமக்கல் பக்கத்தில் குதிகால் வாதம் என்பார்கள். செங்கல்லைச் சுட்டு, அதன்மேல் எருக்கிலையைப் பரப்பிக் குதிகாலை ஒற்றுவதே வீட்டு வைத்தியம். என் பாட்டியார் அவ்வாறு செய்யக் கண்டிருக்கிறேன்.

மாணவ நண்பர்களே, முள் என்பது வெறும் உவமையன்று என்று மருத்துவர்கள் ஒரு காலத்தில் நம்பினார்கள். 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். ஐந்தே ஆண்டுகளில், 1900-இல், பிளெட்னர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் குதியெலும்பின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் எலும்புக் கூரினை விவரித்துப் பெயரிட்டார். கண்ணிற் பட்டதே குற்றவாளி ஆயிற்று! சிலர் மேகநோயால் அது முளைக்கிறது என்றனர். பலர் உளிகொண்டு அதைச் செதுக்கி எறிந்தனர். பிற்காலத்தில்தான், வலியே அறியாத பலருடைய படங்களிலும் அதே முள் இருப்பது தெரியவந்தது.

நோவின் இருப்பிடம் பெரும்பாலும் எலும்பன்று. குதியிலிருந்து விரல்வரை உள்ளங்காலில் ஓடும் தடித்த நார்ப்பட்டை, ஓயாத சுமையால் குதியோடு இணையுமிடத்தில் நைந்துபோகிறது. இதை உணர்ந்தபின் வைத்தியமும் மாறியது. நிற்பதைக் குறைத்தல், மெத்தென்ற காலணி, கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சி ஆகியவை முன்வந்தன. பத்து மாதங்களுக்கு மேலாகத் துன்புற்றவர்களைக்கொண்டு அமெரிக்காவில் நடத்திய ஓர் ஆராய்ச்சி 2003-இல் வெளியாயிற்று. முதலடி வைக்குமுன், வலிக்கும் காலை மற்றத் தொடைமேல் போட்டு, விரல்களைக் கையால் முழங்காற்பக்கம் இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடிக்கும் எளிய பயிற்சி, கெண்டைக்கால் பயிற்சியைவிட நன்மை தந்ததாம். காசு செலவில்லாத மருந்து என்பதனாலேயே இதை நம்மவர் மதிப்பதில்லையோ என்று எனக்குத் தோன்றும்.

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்கள் வலியைத் தணிக்கும்; அடிக்கடி போட்டால் நார்ப்பட்டை அறுந்துபோகவும் கூடும். 1980-இல் மியூனிக் நகரில் சிறுநீரகக் கல்லை உடைக்கப் பயன்பட்ட அதிர்வலைகள், பின்னர் குதிகாலுக்கும் வந்தன. 2000-இல் அமெரிக்க அரசு இசைவளித்தது. கத்தி கடைசி இடத்துக்குப் போய்விட்டது. பெரும்பாலோர்க்கு ஓராண்டுக்குள் அது இல்லாமலே நோவு அடங்குகிறது.

பாட்டியாரின் செங்கல் இன்றும் ஊரில் இருக்கிறது. வெப்பம் இதம் தருவது மெய். ஆனால் நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் அதன்மேல் காலை வைக்கலாகாது. தோல் வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. இலையைப் பறிக்கும் பிள்ளைகளும் எருக்கம்பால் கண்ணிற் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.